தரங்கம்பாடியில் ஒரு நாள்

ஆவணித் திங்களில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கென வடக்கேயிருந்து கால்நடையாய் வரும் திருப்பயணிகள் கடற்கரைச் சாலையை நிறைத்துவிடுவர். சிதம்பரமும் சீர்காழியும் தாண்டி, காரைக்காலை நெருங்குமுன் அவர்கள் கடந்து செல்லும் ஊர் தரங்கம்பாடி. நாமும் அவ்வழியே நடந்தும், பேருந்தில் அமர்ந்தும் எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் கடல். கடலோரத்தில் ஒரு கோட்டை. கோட்டைக்குள் ஓர் அருங்காட்சியகம். இத்தனையும் அறிந்திருந்தும், குருப்பட்டம் பெற்ற நாள் முதல் ஒரு முறையேனும் வண்டியை அங்கே நிறுத்தச் சொன்னோமில்லை. தொலைவில் இருப்பதைக் காணக் கடன் வாங்கியும் செல்வோம். அருகில் இருப்பதை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம்.

சிறு வயதில் தந்தையாருடன் ஒருமுறை அங்கே சென்ற நினைவு மட்டும் உண்டு. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு அந்நாளில் தொடர்வண்டி ஓடிற்று. 1986-இல் அது நிறுத்தப்பட்டது. அன்று கடலைப் பார்த்தோம்; கடலை தின்றோம்; திரும்பிவிட்டோம். கோட்டைக்குள் நுழையவில்லை.

சென்ற கோடை விடுமுறையில்தான் அதற்கு வேளை வாய்த்தது. பீடச் சிறுவர்களை எங்கேனும் அழைத்துச் செல்லவேண்டும் என்று மறைக்கல்வி ஆசிரியைகள் இருவர் கேட்டுக்கொண்டனர். தொலைதூரம் செல்லப் பங்கின் கையிருப்பு இடம் தரவில்லை. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள தரங்கம்பாடியே போதும் என்று முடிவாயிற்று. சிறுவர் பதினொருவர், ஆசிரியைகள் இருவர், எமது பங்கின் உபதேசியார், அவருடைய முதிய தாயார் ஆகியோர் புறப்பட்டோம். அந்த அம்மையாரைச் சிறுவர் அனைவரும் 'அப்பாயி' என்றே அழைப்பர். "கோட்டை கொத்தளமெல்லாம் எனக்கெதுக்கு சாமி? கடல்காத்து வாங்கலாம்னு வரேன்" என்று சொல்லிக்கொண்டே வேனில் ஏறினார். காலைத் திருப்பலி முடிந்ததும், புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு பயணம் தொடங்கிற்று.

பொன்னேட்டில் பிறந்த கோட்டை

ஊருக்குள் செல்வதற்கு 1792-இல் கட்டப்பட்ட நகரவாயில் ஒன்று உண்டு. அதனுள் நுழைந்து ராஜ வீதியில் நடந்தால், வந்த வழியை மறந்துபோகிறோம். அகன்ற வீதி, இருபுறமும் பழைய மாளிகைகள், 1701-இல் எழுந்த சீயோன் கோயில், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் கோயில், வீதியின் முடிவில் கடல். "ஃபாதர், இது நம்ம நாடுதானா?" என்று கேட்டான் ஒரு சிறுவன். நம் நாடுதான், ஆயினும் 225 ஆண்டுகள் டென்மார்க்கு நாட்டுக் கொடி பறந்த இடம்.

கோட்டை வாயிலில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, பரந்த முற்றத்தில் சிறுவர்களை நிழலில் அமர்த்தி, அதன் கதையைச் சுருக்கமாய்ச் சொன்னோம். டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616-இல் ஒரு கிழக்கிந்தியக் கும்பெனிக்கு உரிமை அளித்தார். 1618-இல் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல்கள், ஓவ கெட்டே என்னும் இளம் தளபதியின் தலைமையில் 1620-இல் இக்கரை சேர்ந்தன. அவருக்கு முன்னோடியாய் வந்தவர் ரோலண்ட் க்ராப்பே. அவருடைய கப்பலைப் போர்த்துக்கீசியர் காரைக்கால் அருகே தாக்கி அழித்தனர். உயிர் தப்பிய அவர் தஞ்சை சென்று, இரகுநாத நாயக்க மன்னரின் ஆதரவைப் பெற்றார். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. மிளகு வாணிபத்துக்கென இந்த மீனவச் சிற்றூரும் கோட்டை கட்டும் உரிமையும் டேனியருக்குக் கிடைத்தன. கோட்டைக்கு 'டான்ஸ்போர்க்' என்று பெயரிட்டனர். டேனியரின் கோட்டை என்பது அதன் பொருள்.

அதற்கு முன்பே இவ்வூருக்கு வரலாறு உண்டு. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் பாண்டிய மன்னர் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. அக்கோயிலின் பெரும்பகுதியை அலைகள் விழுங்கிவிட்டன. தரங்கம் என்றால் அலை என்று சிறுவர்களுக்கு விளக்கத் தேவையே இருக்கவில்லை. சுவருக்கு அப்பால் அது முழங்கிக்கொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று இதே அலை இவ்வூரில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு சென்றதையும் சொன்னோம். அந்த ஆண்டில் பிறந்திராத சிறுவர்கள் கடலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டனர்.

இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு மன்னருக்கு அனுப்பிய மடல் பொன்னேட்டில் தமிழில் பொறிக்கப்பட்டது. மன்னரின் ஒப்பம் தெலுங்கில் உள்ளது. "அந்தப் பொன்னேடு எங்கே ஃபாதர்?" என்று ஆவலாய்க் கேட்டனர். அது இங்கே இல்லை. கோபன்ஹேகனில், டென்மார்க்கு அரசின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நானூறு ஆண்டுகள் அதை உருக்காமலும் தொலைக்காமலும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எம் நெஞ்சில் ஏதோ தைத்தது. அது இன்னதென்று அப்போது விளங்கவில்லை.

ஆட்டுக்கல்லின் முன் அப்பாயி

கடலைப் பார்த்த பக்கத்தில்தான் முதன்மைக் கட்டடம் நிற்கிறது. கீழ்த்தளத்தில் பண்டகசாலைகளும் வெடிமருந்து அறையும் சிறைக்கூடமும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநரும் அதிகாரிகளும் குருவும் வசித்தனர். மேல்தளத்து நடுக்கூடத்தில், ஒற்றைத் தூண் ஒன்று கூரையின் கவிமாடங்களைத் தாங்கி நிற்பதைச் சிறுவர்கள் வாய்பிளந்து பார்த்தனர்.

தமிழக அரசின் தொல்லியல் துறை பேணிவரும் அருங்காட்சியகம் பெரியதன்று. அரைமணி நேரத்தில் சுற்றிவிடலாம். பீங்கான் தட்டுகள், கண்ணாடிப் பாத்திரங்கள், சீனத் தேயிலைச் சாடிகள், மாக்கல் விளக்குகள், சுடுமண் பொம்மைகள், சுதைச் சிற்பங்கள், வாள், ஈட்டி, குறுவாள், பீரங்கிக் குண்டுகள், டேனிய மொழிக் கையெழுத்துப் பிரதிகள், ஒரு திமிங்கிலத்தின் எலும்புகள் ஆகியவற்றை அங்கே காணலாம். சிறுவர்கள் வாட்களையும் திமிங்கிலத்தையும் விட்டு அசையவில்லை.

அப்பாயி மட்டும் வேறோரிடத்தில் நின்றுவிட்டார். அங்கே இருந்தவை பெரிய ஆட்டுக்கற்கள். "இதெப் பாக்கவா சாமி சீட்டு வாங்கினோம்?" என்று அவர் கேட்க, அனைவரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "இந்தக் கல்லுல எத்தனை பேரு கை தேஞ்சிருக்கும்!" என்று மெல்லச் சொன்னார். பின்பு சிறுவர்களை அருகில் அழைத்து, குழவியை எப்படிப் பிடிப்பது, ஒரு கை சுற்ற மறு கை மாவைத் தள்ளுவது எவ்வாறு, கோயில் திருவிழாவுக்கு முந்திய இரவில் பெண்கள் நால்வர் மாறி மாறி விடியும்வரை அரைத்தது எவ்வாறு என்று கைகளாலேயே செய்து காட்டினார். மின்சாரத்தில் அரைக்கும் வீடுகளில் பிறந்த பிள்ளைகள் அவர்கள். வாளை விட்டு ஒவ்வொருவராய் இங்கே வந்து சேர்ந்தனர்.

அவருடைய பேரன் கேட்டான்: "அப்பாயி, நம்ம வீட்டு ஆட்டுக்கல் எங்கே?"

"உங்க அப்பன்தான் மாட்டுக்குத் தண்ணி வைக்கக்கூட ஆகலேன்னு ரோட்டோரம் உருட்டிவிட்டானே!"

உபதேசியார் தலை குனிந்தார். ஆனால், அன்பர்களே, அவரைவிடத் தலை குனியவேண்டியவர் நாமே. அந்தச் சிறுவனின் கேள்வியில்தான், காலையில் நெஞ்சில் தைத்தது இன்னதென்று விளங்கிற்று.

ஒரு தீக்குச்சியின் கதை

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், முதன்முதலாய்த் தனிப் பொறுப்பேற்ற பங்கில், பழைய சக்கிரீஸ்து அறையை இடித்துப் புதிதாய்க் கட்ட முனைந்தோம். இளமை வேகம், எல்லாம் புதிதாய் இருக்கவேண்டும் என்ற ஆசை. அறையின் மூலையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் பழைய குடும்பக் கணக்கேடுகள், திருவிழாச் செலவுக் குறிப்புகள், முன்னாள் குருக்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. அக்கோயிலின் வயதான கோயில்பிள்ளை, "சாமி, வெயிலில் உலர்த்திப் பார்க்கலாமே" என்றார். எமக்கு நேரமில்லை. திருமுழுக்கு, திருமண ஏடுகள் வேறு அலமாரியில் பத்திரமாய் இருந்தன. அவை போதும் என்று எண்ணினோம். மற்றவை அனைத்தும் ஒரு தீக்குச்சியில் முடிந்தன. பித்தளைத் தூண்டாமணி விளக்கு இரண்டையும் எடைக்குப் போட்டு, அந்தப் பணத்தில் குழல் விளக்குகள் மாட்டினோம். மக்கள் எம்மைப் பாராட்டவும் செய்தனர்.

மூன்று ஆண்டுகள் கழித்து மலேசியாவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருடைய பாட்டனார் இளவயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தோட்ட வேலைக்குச் சென்றவர். அவர் நம் பங்குக்கு மணமுடித்து வந்தவரே அன்றி, அங்கே பிறந்தவரல்லர். மணம் நடந்ததும் பெண்ணின் ஊரில். ஆகவே திருமுழுக்கு ஏட்டிலும் திருமண ஏட்டிலும் அவர் பெயர் இல்லை. "வீடுவீடாய் எழுதிய கணக்கு ஏதாவது இருக்குமா சாமி? எங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அதில் இருக்கலாம்" என்று கேட்டார். இருந்தது. வீடு வாரியாக, சொந்த ஊர் உட்பட எழுதப்பட்ட கணக்கேடு இருந்தது. அது எரிந்ததை அவரிடம் நாம் சொல்லவில்லை. "பழையவை கிடைக்கவில்லை ஐயா" என்று மட்டும் சொன்னோம். அவர் கோயில் முற்றத்து மண்ணில் கொஞ்சம் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

இதுநாள் வரை இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆட்டுக்கல்லின் முன் நின்ற அந்த நேரத்தில் அந்தக் கைக்குட்டை எம் கண்முன் வந்து நின்றது.

காத்து நின்றவர்கள்

கடற்கரை நிழலில் புளிச்சோறு உண்டபின், சிறுவர்களுக்கு இரு கதைகள் சொன்னோம். ஒன்று எஸ்கில் ஆண்டர்சன் என்பவரைப் பற்றியது. 1639-க்குப் பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் இங்கே வரவில்லை. தாய்நாடு போரிலும் வறுமையிலும் இக்கோட்டையை மறந்துவிட்டது. டேனியர் ஒவ்வொருவராய் இறந்தனர். இறுதியில் எஞ்சியவர், எளிய நிலையில் கப்பலேறி வந்த ஆண்டர்சன் ஒருவரே. உள்ளூர் மக்களின் துணைகொண்டு அவர் கோட்டையைக் காத்துவந்தார். 1669-இல் ஃபேரோ என்னும் கப்பல் வந்தபோது, கோட்டை டேனியர் வசமே இருந்தது. எவரும் கேட்காதபோதும் காத்தவர் அவர்.

மற்றொன்று இக்கோட்டையில் சிறைப்பட்ட ஒருவரின் கதை. 1706 ஜூலை 9 அன்று லுத்தரன் மறைப்பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, புளூட்சோவுடன் இங்கே வந்திறங்கினார். சிறுவர்களோடு திண்ணைப் பள்ளியில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1708-இல் ஓர் ஏழைத் தமிழ்க் கைம்பெண்ணின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசியதால் கோட்டைத் தலைவரின் சினத்துக்கு ஆளாகி, நான்கு மாதங்கள் இங்கே அடைபட்டுக் கிடந்தார். அவ்வழக்கின் மறுபுறம் நின்றவர் கும்பெனியில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த ஒரு கத்தோலிக்கர் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். நம்மவர் எப்போதும் நீதியின் பக்கமே நின்றனர் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது வரலாறு ஆகாது.

சீகன்பால்குவின் அச்சகத்தில் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாய் வெளிவந்தது. தமிழின் முதல் அச்சு நூல் அதுவே என்று சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. இயேசு சபைக் குரு அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இலேயே கொல்லத்தில் அச்சேறிவிட்டது. பெருமைப்படலாம்; ஆனால் உடனே ஒன்றையும் நினைக்கவேண்டும். அந்நூலின் அறியப்பட்ட ஒரே பிரதி இன்று அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நம்மிடம் ஒன்றுகூட எஞ்சவில்லை.

இன்னொரு செய்தி எம் மனத்தை மிகவும் கவர்ந்தது. நம் வீரமாமுனிவரும் தரங்கம்பாடி லுத்தரன் மறைப்பணியாளரும் ஒருவரையொருவர் மறுத்துக் கடுமையாய் நூல்கள் எழுதிக்கொண்டவர்கள். ஆயினும், முனிவர் இலத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியது எங்கே? இதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான்! மறையில் மாறுபட்டவரின் நூல் ஆயினும், தமிழுக்கு வேண்டிய நூல் என்று கண்டு அச்சிட்டுக் காத்தனர். எதிரணியினர் என்று நினைத்தவர்கள் நம்முடையதைக் காத்தார்கள். நாமோ நம்முடையதை நம் கையாலேயே எரித்தோம்.

வீடு திரும்பியபின்

1845-இல் டேனியர் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்குத் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். வாணிபம் குன்றி ஊர் உறங்கிப்போனது. உறங்கியதாலேயே பழைய வீதிகள் தப்பின என்றும் சொல்லலாம். பிற்காலத்தில் தமிழக அரசும் டென்மார்க்கு அன்பர்களும் பிறரும் சேர்ந்து கோட்டையையும் மாளிகைகளையும் செப்பனிட்டனர்.

மாலையில் திரும்பும்போது வேனில் பேச்சு அடங்கவில்லை. வாளைப் பற்றி ஒருவன், திமிங்கிலத்தைப் பற்றி ஒருவன். உபதேசியார் மட்டும் மௌனமாய் இருந்தார். மறுநாள் காலை, அவரும் அவர் மகனும் சாலையோரத்துப் புல்லுக்குள்ளிருந்து எதையோ புரட்டிக்கொண்டு வருவதைக் கண்டோம். ஆட்டுக்கல்தான்! குழவி கிடைக்கவில்லை. "கல்லாவது கிடைச்சுதே" என்று அப்பாயி அதைக் கழுவி, கொல்லைப்புறத்தில் துளசிச் செடிக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

நாமும் சும்மா இருக்கவில்லை. சக்கிரீஸ்து அலமாரியின் அடித்தட்டைத் திறந்தோம். ஈரமான கணக்கேடுகளை நிழலில் உலர்த்தி, வேப்பிலை இட்டு, புதுத் துணியில் சுற்றி, தரையில் படாதவாறு அடுக்கினோம். பழைய சப்பரத்தின் உடைந்த தேவதூதர் சிற்பம், கைமணி, ஓலைக்குட்டை ஆகியவற்றுக்குச் சிறுவர்களே அட்டையில் பெயர் எழுதினர். எந்தக் காலத்தது, யார் கொடுத்தது என்பதைச் சொல்லும் முதியோரை ஞாயிறுதோறும் ஒருவராய் அழைத்துக் கேட்டு எழுதிவருகின்றனர். அது அருங்காட்சியகம் அன்று. ஓர் அலமாரி மட்டுமே. ஆனால், எங்கிருந்தோ ஒருவர் வந்து, "எங்கள் தாத்தா எந்த ஊர்?" என்று கேட்டால், இம்முறை அவரை வெறுங்கையோடு அனுப்பவேண்டியிராது என்று நம்புகிறோம்.

அந்த மலேசியப் பெரியவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா, அறியோம். முகவரியையும் நாம் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. இவ்விதழ் எவ்வாறேனும் அவர் குடும்பத்தார் கைக்குச் சேருமாயின், அன்று சொல்லாத உண்மையை இன்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறோம்.

அன்புக்குரிய குடும்பத்தினரே, அடுத்த முறை வேளாங்கண்ணிக்குச் செல்லும்போது, தரங்கம்பாடியில் இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்துங்கள். பிள்ளைகளோடு பாட்டியையும் தாத்தாவையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்கு அருகே எழுதியிருப்பதைவிட அவர்கள் சொல்லக்கூடியவை அதிகம். வீடு திரும்பியதும், பரண்மேல் இருக்கும் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். எதையும் எரிக்குமுன் வெயிலில் உலர்த்திப் பாருங்கள். அன்று அந்தக் கோயில்பிள்ளை சொன்னதும் அவ்வளவே.